உப்பு லாரியும் பிரேக் டிஸ்க்கும்

உப்புக்கும் இரும்புக்கும் ஜென்மப் பகை. நம்பாதவர்கள் மரக்காணம் பக்கம் ஒருமுறை போய் வரலாம். பாத்தி பாத்தியாக உப்பளம், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல், பக்கத்தில் பாரம் ஏற்ற நிற்கும் லாரி. அந்த லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் போல்ட், நட்டு, பிளேட் எல்லாம் ஒரே நிறம்தான். துரு நிறம்!

துரு பிடித்த சேஸியோடு வண்டி ஓடிவிடும். துரு பிடித்த கதவோடும் ஓடிவிடும். பிரேக் மட்டும் அப்படி இல்லை. வண்டியை நிறுத்துகிற அந்த இரும்பைக் கொஞ்ச நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். இன்று அதைக்கூடச் செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கிவிடலாம். இந்த இரும்பு ஒரு காலத்தில் கப்பலில் வந்தது, பிறகு பாடியிலிருந்து வந்தது, பிறகு சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்தது, இப்போது அட்டைப்பெட்டியில் கூரியரில் வருகிறது. ஒவ்வொரு காலத்திலும் "இது நல்ல சாமான்தான்" என்று யாரோ ஒருவர் பொறுப்பேற்றார். அந்த யாரோ ஒருவர் மாறிய கதைதான் இந்தக் கட்டுரை.

பிரேக்கே தேவைப்படாத காலம்

மரக்காணத்து உப்பு எப்போதும் லாரியில் போனதில்லை. அது படகில் போனது.

1805-இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது. அதே காலகட்டத்தில்தான் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் ஒரு கால்வாய் வெட்டினார். 1837-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக வடக்கிலும் தெற்கிலும் நீட்டினார்கள். 1877-78 பெரும் பஞ்சத்தின்போது, பசியால் வாடிய மக்களுக்குக் கூலி வேலை என்ற பெயரில், சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. (வெட்டியவர்கள் பெயர் வைக்கும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை!) ஆந்திராவிலிருந்து வரும் அந்தக் கால்வாயின் தெற்கு முனை எது தெரியுமா? நம்ம மரக்காணம்தான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் அதன் நீளம் 163 கி.மீ.

அந்தப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள், கழி ஊன்றித் தள்ளினார்கள், காற்று இருந்தால் பாய் விரித்தார்கள். நிறுத்த வேண்டுமா? இழுப்பதை நிறுத்தினால் போதும். டன் கணக்கில் உப்பு ஏற்றிய படகு மெதுவாகத் தானே நின்றுவிடும்.

லாரி அப்படி நிற்காதே! வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தத் தேவைப்படும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரம்தான். 30 கி.மீ. வேகத்தில் போன வண்டி 60-இல் போக ஆரம்பித்தபோது பிரேக் நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டி வந்தது. அந்த ஆற்றல் முழுவதும் சூடாகிப் போகவேண்டும். எங்கே போகும்? பிரேக்கின் இரும்புக்குள்தான்.

கால்வாய்க்கு 1965, 1966 புயல்கள் பலத்த அடி. அதற்கு முன்பே ரயிலும் ரோடும் அதன் வியாபாரத்தைப் பிடுங்கியிருந்தன. மரக்காணத்துக்கு ரயில் கிடையாது, ரயில் ஏற வேண்டுமானால் திண்டிவனம் போகவேண்டும். ஆக உப்புக்கு மிஞ்சியது லாரி ஒன்றுதான். 1990-களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல சாலையாக ஆனதும், உப்பு லாரி, மீன் வண்டி, பாண்டிச்சேரிக்குப் பறக்கும் சுற்றுலாக் கார், சாலை ஓரம் மேயும் மாடு எல்லாம் ஒரே பாதையில் வந்து சேர்ந்தன.

செருப்புத் தோலில் ஆரம்பித்த கதை

இனி கொஞ்சம் வெளிநாடு போய் வருவோம்.

1890-களில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச் சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் சக்கரத்தின் மேல் ஒரு மரக்கட்டையை அழுத்தி வண்டியை நிறுத்துவார்கள். கட்டை சீக்கிரம் தேய்ந்தது, வழுக்கியது. அதற்காகக் கட்டையின்மேல் பழைய பூட்ஸ் தோலை அடித்து வைத்தார்கள். இதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவருக்கு ஒரு யோசனை. தோலுக்குப் பதில் வேறு நல்ல பொருளைச் செய்து விற்றால் என்ன? அப்படித்தான் 'ஃபெரோடோ' பிறந்தது. தன் பெயரின் எழுத்துக்களை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் நடுவில் சேர்த்து வைத்த பெயராம் அது! இன்று எல்லா மெக்கானிக்கும் சொல்லும் 'லைனிங்' என்ற சாமானுக்கு மூதாதை அதுதான். பின்னால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ந்தது, அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் கெட்டது, பிறகு மெல்ல மெல்ல ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் வந்தது. அது தனிக் கட்டுரையாக எழுதவேண்டிய சோகம்.

1902-ஆம் ஆண்டு பிரேக் வரலாற்றில் வேடிக்கையான ஆண்டு. அதே ஆண்டில் பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைச் செய்தார், இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி! ஆனால் டிரம் உலகத்தை ஆண்டது, டிஸ்க் ஐம்பது வருஷம் மூலையில் கிடந்தது. காரணம்? லான்செஸ்டர் தகட்டைப் பிடிக்கச் செம்பை வைத்தார். அது காதைக் கிழிக்கும் சத்தம் போட்டது. அக்காலத்து மண் சாலையில் திறந்து கிடக்கும் தகட்டில் புழுதி வேறு ஏறித் தேய்த்தது. டிரம்மோ மூடிய பானை, உள்ளே தூசி புகுவது குறைவு.

1953-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் ஜெயித்தது. அதன்பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சூடு ஏறினால் டிரம் விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகிறது. டிஸ்க் சூடானால் தடித்து, பேடை நோக்கியே வருகிறது. காற்றும் படுவதால் சீக்கிரம் ஆறுகிறது. இவ்வளவு நல்ல விஷயம் பெரிய லாரிகளுக்கு வந்து சேர மேலும் நாற்பது வருஷம் ஆனது. 1996-இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் ஆக்ட்ரோஸ் லாரியில் எல்லாச் சக்கரங்களிலும் டிஸ்க்.

(அமெரிக்காக்காரர்கள் இந்தத் தகட்டை 'ரோட்டார்' என்பார்கள். நம்மூர் ஒர்க்ஷாப்பில் போய் ரோட்டார் என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 'டிஸ்க்' அல்லது 'டிஸ்க் பிளேட்' என்று கேட்கவும் :-))

கப்பலிலிருந்து பாடிக்கு

சுதந்திரத்துக்கு முன்னால் இந்தியாவில் ஓடிய லாரி, பஸ் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஃபோர்டு, செவர்லே, லேலண்ட். பிரேக் சாமான் வேண்டுமென்றால் அதுவும் கப்பலில்தான் வரவேண்டும். யுத்த காலத்தில் பெட்ரோலுக்கே பஞ்சம். அடுப்புக்கரியில் கேஸ் உண்டாக்கிப் பஸ் ஓட்டும் கருவியை டி.வி.எஸ். செய்து விற்றது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். சாமான் கிடைக்காதபோது இருப்பதைக் கடைந்தும், சட்டி செய்தும், ஒட்டும் ஓட்டினார்கள். தேய்ந்த டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து, தடித்த லைனிங் போட்டு ஓட்டுகிற வித்தைக்கு அந்தப் பற்றாக்குறைதான் பள்ளிக்கூடம்.

1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தி விற்றார்கள், 1955-இல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா-மெர்சிடிஸ் லாரி வெளிவந்தது. வெறுமனே பெட்டியைப் பிரித்து வண்டியைப் பூட்டி விற்கும் வேலை இனி வேண்டாம், உள்நாட்டிலேயே செய்யுங்கள் என்று 1950-களில் மத்திய அரசு கறாராகச் சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. இங்கே தங்கியவர்களுக்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பாகங்களை யார் செய்து கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது.

பதிலில் பாதி சென்னையை அடுத்த பாடியிலிருந்து வந்தது. 1962-இல் டி.வி.எஸ். குழுமம் அங்கே இரண்டு கம்பெனிகளைத் தொடங்கியது. ஒன்று பிரேக்ஸ் இந்தியா, பிரிட்டனின் லூகாஸ் குழுமத்தைச் சேர்ந்த கர்லிங் தொழில்நுட்பத்தோடு. 'டி.வி.எஸ். கர்லிங்' என்ற பெயரை டிரைவர்கள் எல்லோரும் அறிவார்கள். இன்னொன்று சுந்தரம்-கிளேட்டன். இது லாரிக்கான ஏர் பிரேக். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துக் கிளேட்டன் டெவாண்டர் கம்பெனி கூட்டாளி. அந்த 'டெவாண்டர்' பெல்ஜியத்து எஞ்சினியர் ஆல்பர்ட் டெவாண்டரின் பெயர். பெல்ஜியத்துக்காரர் மூளை, இங்கிலாந்துப் பட்டறை, பாடித் தொழிலாளி. மூன்றும் சேர்ந்ததுதான் நம் லாரி 'புஸ்ஸ்...' என்று விடும் அந்தப் பெருமூச்சு!

ஏர் பிரேக்கின் மூலம் இன்னும் பழசு. 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்காகச் செய்தது. சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 2000-களின் இறுதியில் தனியாகப் பிரிந்து வாப்கோ கைக்குப் போனது. வாப்கோ என்பதே 'வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி' என்பதன் சுருக்கம்தான். 2022-இல் ஜெர்மனியின் இசட்.எஃப். பெயருக்கு மாறியது.

இதே பிரேக் பிரிவுதான் 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றது. அந்தப் பரிசை வாங்கிய முதல் இந்தியக் கம்பெனி அது. ஒரு பொருளின் தரத்தை, செய்கிற முறையையே வைத்துச் சோதித்துத் தரும் பரிசு. ஒரு பிரேக் கம்பெனிக்கு இது கிடைத்தது சாதாரண விஷயம் இல்லை. கல்கத்தாவில் உள்ள லாரிக்காரர் பாடிக்கு வந்து பார்க்கத் தேவையில்லை, டப்பாவைப் பார்த்தால் போதும் என்கிற நம்பிக்கை அப்படித்தான் சேர்ந்தது.

ஆனால் டப்பாவுக்கு மதிப்பு வந்ததுமே டப்பாவைத் திருடவும் ஆள் வந்துவிட்டது.

ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, சுருக்கமாக ஜி.பி. ரோடு, தமிழ்நாட்டு ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்தின் நடுநரம்பு. கொஞ்சம் தள்ளிப் போனால் புதுப்பேட்டை, கழற்றிய வண்டிகளின் பழைய சாமான் கிடைக்கும் இடம். வெளியூர் மெக்கானிக் தேய்ந்த சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். கவுண்டரில் வைப்பார். கடைக்காரர் கையில் எடுத்துப் பார்த்து, சுற்றளவையும் ஓட்டையையும் கண்ணாலேயே அளந்து, உள்ளே போய் அதேபோல ஒன்றைக் கொண்டு வருவார். "கம்பெனி சாமான் வேணுமாண்ணே, லோக்கல் போதுமா?" என்ற கேள்வி உடனே வரும்.

இந்தக் கேள்வியில் ஒரு நேர்மை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். லோக்கல் என்றால் லோக்கல் என்று சொல்லித்தான் விற்றார். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் போனிலேயே சொல்லி, பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வார்கள். கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால் சாயங்காலம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடும். சாமான் சரியில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகும். பில் இருக்காது, ரசீது இருக்காது, ஆனால் முகம் இருந்தது. கெட்ட சாமான் கொடுத்தால் அந்த மெக்கானிக் மட்டுமல்ல, அவர் ஊரே அந்தக் கடைக்கு வராது.

அதற்காக அதைப் பொற்காலம் என்று கொண்டாடவும் முடியாது. டூப்ளிகேட் பிறந்ததும் அதே தெருக்களில்தான். கம்பெனியின் காலி டப்பாவைச் சேர்த்து வைத்து உள்ளே வேறு சாமானைப் போட்டு விற்கும் தந்திரம் இந்தியா முழுவதும் உண்டு. பழைய டப்பாவைக் கிழித்துப் போடுங்கள் என்று கம்பெனிகள் சொல்வது அதனால்தான்.

பிரேக் டிஸ்க்கில் டூப்ளிகேட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அது ஒரு வார்ப்பிரும்புத் தட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த இரும்புக்குள் கிராஃபைட் கரி மெல்லிய செதில்களாகப் பரவியிருக்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் சூடு வேகமாகப் பரவும், அதிர்வும் அடங்கும். உருக்கும்போது கலவை தவறினால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பாரத்தோடு நாலுமுறை பலமாகப் பிரேக் அடித்த பிறகுதான் வெடிப்பு விடும்.

உப்புக் காற்றில் டிஸ்க் படும் பாடு

பெரிய உப்பு லாரிகளில் இன்றும் பெரும்பாலும் டிரம்தான். 2005-இல் வந்த டாட்டா ஏஸ் போன்ற சின்னச் சரக்கு வண்டிகளில்தான் முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம் என்ற ஏற்பாடு கிராமம் வரை பரவியது. மரக்காணம் மாதிரி ஊர்களில் டிஸ்க் மாற்றும் வேலை இந்த வண்டிகளோடு வந்ததுதான்.

வெறும் தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பதே ஒரு சின்ன மின்வேதிவினை என்பதால், உப்பு பட்டால் அது வேகம் எடுக்கும். ஓடுகிற வண்டியின் டிஸ்க்கில் பேட் தேய்க்கும் பகுதியில் துரு நிற்காது, இரண்டு பிரேக் அடித்தால் வழித்துவிடும். அதனால் பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. ஓரத்திலும், நடுவில் ஹப்போடு சேரும் இடத்திலும்தான் துரு அடுக்கு அடுக்காக ஏறும். காலிபரை நகர்த்தும் பின் இறுகிக்கொள்ளும். டிரம் வண்டியில் இன்னொரு கூத்து. ஷூவுக்கும் லைனிங்குக்கும் நடுவே துரு புகுந்து ஊதி, லைனிங்கையே தூக்கி வெடிக்க வைத்துவிடும்.

உப்பு சீசன் முடிந்து வடகிழக்கு மழை தொடங்கியதும் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். கெடுவது ஓடும்போது அல்ல, இப்படி நிற்கும்போதுதான்!

தபால்காரர் முதல் கூரியர் பையன் வரை

பார்க்காமலே பணம் கொடுத்துப் பொருள் வாங்குவது நமக்குப் புதிதல்ல. 1877-லேயே இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டு வந்துவிட்டது. பொருள் வீட்டுக்கு வந்ததும் தபால்காரரிடம் பணம் கொடுக்கலாம். 2010-இல் ஃபிளிப்கார்ட் 'கேஷ் ஆன் டெலிவரி' என்று அறிமுகப்படுத்தியபோது எல்லோரும் புதுமை என்றார்கள். நம் தாத்தாக்கள் சிரித்திருப்பார்கள்.

ஆனால் வி.பி.பி.யில் வந்த புத்தகம் மோசமாக இருந்தால் பணம்தான் போகும். பிரேக் டிஸ்க் அப்படிப்பட்டதா?

ஆன்லைனில் வாங்குவதால் நன்மையே இல்லை என்று சொல்லமுடியாது. மரக்காணத்தில் இருப்பவர் ஒரு டிஸ்க்குக்காகச் சென்னைக்கு ஒரு நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. விலை எல்லோருக்கும் ஒன்று, ஊர்க்காரர் விலை வெளியூர்க்காரர் விலை என்ற பேதம் இல்லை. பில் வருகிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதையெல்லாம் காட்டியாக வேண்டும். ஜி.பி. ரோட்டில் இதையெல்லாம் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்!

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு தேய்ந்த சாமானே அடையாளச் சீட்டு. இப்போது வண்டியின் பெயரும் வருஷமும் மட்டும் போதாது. பி.எஸ்.-4 வண்டிக்கும், 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.-6 வண்டிக்கும் சாமான் மாறியிருக்கலாம். சேஸி நம்பரை வைத்துப் பார்ட் நம்பரைக் கண்டுபிடித்துத்தான் ஆர்டர் போடவேண்டும். படத்தைப் பார்த்து "இதேதான்" என்று போட்டால் ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய மாற்றம் மெக்கானிக்கின் நிலைமை. முன்பு சாமான் வாங்கியதும் அவர், மாட்டியதும் அவர். ஏதாவது ஆனால் ஓனர் அவர் சட்டையைப் பிடிப்பார். இப்போது ஓனர் பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்து, மாட்டச் சொல்கிறார். சாமானில் கிடைத்த சின்ன லாபம் போய்விட்டது, மாட்டுக்கூலி மட்டும்தான். மாட்டிய பிறகு வண்டி நிற்காமல் போனால் யார் பொறுப்பு? விற்றவர் "சரியாக மாட்டவில்லை" என்பார். மெக்கானிக் "சாமான் சரியில்லை" என்பார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் செய்தவர், விற்றவர், பழுது பார்த்தவர் எல்லோருக்குமே பொறுப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் எது காரணம் என்று நிரூபிக்க வேண்டிய அந்த டிஸ்க் விபத்துக்குப் பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ஆகவே உப்புக் கரையில் டிஸ்க் மாற்றுகிறவர்கள் அவசரப்படக்கூடாத சில இடங்கள் உண்டு. பெட்டி வந்ததும் பார்ட் நம்பர், முத்திரை, கியூ.ஆர். கோடு பார்ப்பது. ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவது, இல்லையென்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புது டிஸ்க்கின் மேல் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைச் சுத்தமாகத் துடைப்பது. இது எல்லா ஊருக்கும் பொது. மரக்காணத்துக்கு மட்டுமே உரியது ஹப். அதன்மேல் ஏறியிருக்கும் துருவைக் கம்பி பிரஷ் போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்காமல் புது டிஸ்க்கை உட்கார வைத்தால், அது மயிரிழை அளவு சாய்ந்து உட்காரும். ஓடும்போது ஆடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் உதற ஆரம்பிக்கும். உடனே "ஆன்லைன் சாமான், டூப்ளிகேட்" என்று பழி விழும். உண்மையில் சாமான் நல்லதாகவே இருந்திருக்கும், பழைய உப்புதான் நடுவில் உட்கார்ந்து வேலையைக் காட்டியிருக்கும்.

பழைய டிஸ்க்கையும் அளந்து பார்ப்பது நல்லது. குறைந்தபட்சம் எவ்வளவு தடிமன் இருக்கவேண்டும் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே அச்சிட்டிருக்கும், ஆனால் உப்புக் காற்றில் அந்த எழுத்துதான் முதலில் அழியும்!

வரி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பிரேக் சாமானுக்கு 28 சதவீதம். ஆடம்பரப் பொருளுக்குப் போடும் வரி! பில் இல்லாத டூப்ளிகேட்டுக்கு இதைவிட நல்ல விளம்பரம் யாரும் செய்திருக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 18 ஆகக் குறைந்தது.

அதே 2025 ஆகஸ்டில் மரக்காணம் - புதுச்சேரி சாலையை 46 கி.மீ. தூரத்துக்கு நான்கு வழிச்சாலையாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு 2,157 கோடி ரூபாய். அந்தச் சாலையில் உப்பு வண்டி இப்போதைவிட வேகமாகப் போகும்.